பிடிக்காத வேலையைக் "கர்த்தருக்கென்று" செய்வது எப்படி? கடன் வசூல் கால் சென்டரில் இருந்து ஒரு கேள்வி

தேரிக்காடு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வருடமாக இந்த ஃபோரத்தில் வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 27 வயது. சொந்த ஊர் நாசரேத் பக்கம். சென்னையில் ஒரு கடன் வசூல் கால் சென்டரில் இரண்டு வருடம் நான்கு மாதமாக வேலை பார்க்கிறேன். தவணை கட்டாதவர்களின் பட்டியலை வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் எங்களுக்குத் தருவார்கள். நாங்கள் போன் போட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். முதல் ஒன்றரை வருடம் ஏர்லி பக்கெட் என்ற பிரிவில் இருந்தேன். தேதி தாண்டி 30 நாளுக்குள் இருப்பவர்கள் அங்கே வருவார்கள். "சார், 5ஆம் தேதி ஈஎம்ஐ போகவில்லை, அக்கவுண்டில் பேலன்ஸ் வையுங்கள்" என்று நினைவுபடுத்தினால் போதும், பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இரவில் தூக்கம் வந்தது.

போன ஜூனில் 60 நாள் தாண்டியவர்களின் பக்கெட்டுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து விடிந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஃப்ளோருக்குள் போன், பேப்பர், பேனா எதுவும் கொண்டு போகக் கூடாது, எல்லாம் லாக்கரில். ஹெட்செட்டை மாட்டினால் டயலர் ஒவ்வொரு நம்பராகப் போட்டுக்கொண்டே இருக்கும். காதில் ஒரு பீப், உடனே அடுத்த ஆளின் பெயர் திரையில் வந்துவிடும். திட்டு வாங்குவது பழகிவிட்டது. பழகாதது வேறு. டீம் லீடர் பின்னால் நின்று, "ரெஃபரன்ஸ் நம்பருக்குப் போடு" (கடன் வாங்கும்போது தெரிந்தவர் என்று கொடுத்தவரின் நம்பர்), "மாமனாருக்குப் போடு", "தெருவுக்கே தெரியப்போகுதுன்னு சொல்லு" என்பார்.

நவம்பரில் ஒரு போன் கால். கணவர் பெயரில் பைக் லோன். போனை எடுத்தது மனைவி. அவர் சாரத்தில் இருந்து விழுந்து படுத்திருக்கிறார் என்றார்கள். நான் பேசுவதை டீம் லீடர் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டு வாசலில் ஆள் நிற்பார்கள்" என்றேன். அந்த அக்கவுண்டுக்கு ஆள் யாரையும் போட்டிருக்கவில்லை. அது சுத்தப் பொய். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு அந்த அம்மா, "எத்தனை மணிக்கு வருவாங்க? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு இருக்கேன்" என்று கேட்டார்கள்.

அந்த ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஆராதனை. எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். இன்று வரை போகவில்லை.

வீட்டில் சொன்னால் அம்மா கொலோசெயர் 3:23 சொல்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் கேட்டாலும் அதே வசனம்: "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." சம்பளம் 21,000. இன்சென்டிவ் சேர்ந்தால் 26, 27 வரும். தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸும் அப்பாவின் மருந்தும் அதில்தான். நாளைக்கே விட்டுவிட முடியாது. எனக்கு இருப்பது சோம்பலா, முறுமுறுப்பா, இல்லை வேறு ஏதாவதா? பிடிக்காத வேலையில் இருந்துகொண்டு விசுவாசத்தில் நின்றவர்கள் எப்படி நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

ஸ்தோத்திரபலி

சிஸ்டர், இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். போத்திபார் வீட்டிலும் சிறைச்சாலையிலும் அவர் உண்மையாயிருந்தார், கர்த்தர் அவரோடு இருந்தார். இந்த வேலையும் தேவன் அனுமதித்ததுதான். வேலை இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முறுமுறுப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

வார்டு அக்கா

தங்கச்சி, நான் 22 வருடமாக நர்ஸ். முதல் ஆறு வருடம் இந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்பா சேர்த்துவிட்ட படிப்பு இது. இரவு டூட்டி, பெட்பான், டிரெஸ்ஸிங் வாடை, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

எனக்கு உதவி செய்தது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு நோயாளியிடம் போகும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். சோப்புப் போட்டு முறையாகக் கழுவினால் 40 விநாடிக்குக் குறையாது. அந்த நேரத்தில் அடுத்த படுக்கையில் இருப்பவரின் பெயரை ஆண்டவரிடம் சொல்லிக்கொள்வேன். பெரிய ஜெபம் எதுவும் கிடையாது. "ஆண்டவரே, 14ஆம் படுக்கை தாத்தா, இன்றைக்காவது ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும்." அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவை. வேலை அப்படியேதான் இருந்தது. ஆனால் "எப்போது எட்டு மணி ஆகும்" என்று கடிகாரம் பார்ப்பது குறைந்தது.

சரி, இது சலிப்புக்கும் களைப்புக்கும். உனக்கு நடப்பது அது மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், எடுக்காத பிபியை எடுத்ததாக சார்ட்டில் எழுதச் சொன்னார்கள். ஆள் பற்றாக்குறை, இன்ஸ்பெக்ஷன் வேறு. இரண்டு நாள் எழுதினேன். அந்த இரண்டு நாளும் கை கழுவும்போது ஒரு பெயரும் வாய்க்கு வரவில்லை. மூன்றாம் நாள் எழுத மாட்டேன் என்று சொன்னேன். திட்டினார்கள், வேறு வார்டுக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடு என்பது பார்வோன் கட்டளை. அவர்கள் மருத்துவச்சி வேலையை விடவில்லை. கொல்லவும் இல்லை. பிரசவம் பார்த்துக்கொண்டே அந்த ஒரு கட்டளையை மட்டும் செய்யாமல் விட்டார்கள்.

ஸ்தோத்திரபலி தம்பி, யோசேப்பைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் சிறைக்குப் போனதே எஜமானின் மனைவி சொன்னதைச் செய்யாததால்தானே?

ஓய்வில் ஓர் ஐயர்

மகளே, சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) 34 வருடம் போதகராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். உன்னைப் போல வந்து கேட்டவர்களுக்கு அந்த வசனத்தையே நானும் பல தடவை சொல்லி அனுப்பியிருக்கிறேன். முழுதாகச் சொல்லாமல் போனேனே என்ற வருத்தம் இப்போது உண்டு. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

கொலோசெயர் 3:22இல் "வேலைக்காரரே" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் அது அடிமைகளைக் குறிக்கும் சொல். சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ராஜினாமாக் கடிதம் எழுத முடியாதவர்கள். போக வழியே இல்லாதவனிடம் பவுல், "உன் மெய்யான எஜமான் இவன் அல்ல, கிறிஸ்து, உன் உழைப்புக்குப் பலன் கொடுக்கிறவர் அவர்" என்கிறார். வழி இருப்பவனுக்கு அதே பவுல் என்ன சொன்னார் என்று 1 கொரிந்தியர் 7:21இல் பார். விடுதலையாகக் கூடுமானால் அதை நல்லதென்று எண்ணிக்கொள் என்கிறார். கொலோசெயருக்கான கடிதத்தைக் கொண்டுபோன தீகிக்குவோடு கூடப் போனவன் ஒநேசிமு. பிலேமோனின் அடிமையாக இருந்தவன் அவன். இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் எழுதியது அவனுக்காகத்தான்.

இன்னொன்று. 3ஆம் அதிகாரம் முடிந்ததும் நாம் நிறுத்திவிடுகிறோம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, பவுலின் கடிதத்தில் அந்த இடைவெளி கிடையாது. மூச்சு விடாமல் அடுத்த வரி, 4:1, எஜமான்களிடம் போகிறது: வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார்.

இனி உன் தொழிலுக்கு வருவோம். உன் தொழில் வேதத்தில் இருக்கிறது. லூக்கா 3ஆம் அதிகாரத்தை இன்று இரவு வாசி. யோர்தான் கரையில் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யோவான்ஸ்நானனிடம் கேட்கிறார்கள். ரோமனுக்கு வரி வசூலித்தவர்கள், ஊரே வெறுத்தவர்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதே என்றார். அடுத்துப் போர்ச்சேவகர் வருகிறார்கள். அவர்களுக்கும் அப்படித்தான்: ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, உன் சம்பளம் போதுமென்றிரு. "இடுக்கண்" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார். மிரட்டிப் பறிப்பது என்பதே அங்கே பொருள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், ஆயுதம் வைத்திருந்த மனிதனிடம் சொன்னது, ஹெட்செட் வைத்திருக்கும் உனக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிறகு இரண்டு ஆயக்காரர்கள். மத்தேயு ஆயத்துறையில் இருந்து எழுந்தே போய்விட்டார். சகேயு அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றார். அவர் வேலையை விட்டதாக லூக்கா எழுதவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் இயேசு போனார். நீ எந்த வழியில் போக வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது.

கொடுத்த கடனைக் கேட்பது பாவம் அல்ல. வாங்கினவன் செலுத்தத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதற்கு மோசேயின் காலத்திலேயே சட்டம் இருந்தது. உபாகமம் 24:10, 11: அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. நீ நவம்பரில் மிதித்தது அந்த வாசற்படியை. உன் மனசாட்சி சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாவ அறிக்கை செய்துவிட்டுத்தான் நாம் எல்லாரும் அங்கே எழுந்து வருகிறோம். பந்தியை விட்டுத் தள்ளி நிற்காதே அம்மா. அந்தப் பொய்யை மறுபடி சொல்வதில்லை என்ற தீர்மானத்தோடு வா. உன் சேகரத்து ஐயரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டும் வா.

மணப்பாடு தம்பி

அக்கா, நான் கத்தோலிக்கன். இரவு ஷிஃப்டில் மெடிக்கல் கோடிங். எனக்கும் பிடிக்காத வேலைதான், ஆனால் உங்களுடையது போலப் பாரம் இல்லை.

எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை சகோதரர் லாரன்ஸ் பற்றிச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்தவர், 1691இல் இறந்தார். முன்பு படைவீரராக இருந்து காயம்பட்டுக் கால் ஊனமானவர். மடத்தில் அவரைச் சமையல்கட்டில் போட்டார்கள். அவருக்குச் சமையல்கட்டு வேலையில் இயல்பாகவே வெறுப்பு. அதிலேயே பல வருடம் இருந்தார். ஒரு தடவை மடத்துக்கு ஒயின் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாது, காலும் வராது. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தாராம். "இது உம்முடைய வேலை, ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுச் செய்திருக்கிறார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுள் கோவிலில் இருப்பது போலவே தம்மோடு இருந்தார் என்று சொன்னவர் அவர். மடத்தில் யாரும் அவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தரும் விதி: மனம் இருண்டு வறண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. மோசமான ஒரு அழைப்பை முடித்த கையோடு ராஜினாமா மெயில் அடிக்காதீர்கள். நான் ஒரு முறை அடித்துவிட்டு, மறுநாள் கெஞ்சித் திரும்பப் பெற்றேன்.

பழைய டீம் லீடர்

சகோதரி, கலெக்ஷன்ஸில் எட்டு வருடம், அதில் மூன்று வருடம் டீம் லீடர். உங்கள் பின்னால் நிற்கும் ஆள் சொல்வதை எல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உங்களைப் போன்றவர்களிடமும் கேட்க வேண்டும். இனி உங்கள் கைக்கு உதவுவதைச் சொல்கிறேன்.

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மிரட்டல், அவமானப்படுத்தல், குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடுவது, பொய்யான தகவல் சொல்வது எல்லாம் தடை. ஏஜென்சி செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான். ஐயர் எழுதிய வாசற்படியும் இதுவும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துபோனது.

அடுத்த தடவை "மாமனாருக்குப் போடு" என்றால் மரியாதையாக, "சார், இதை மெயிலில் அனுப்புங்கள், போடுகிறேன்" என்று சொல்லுங்கள். மெயில் வராது. உங்கள் ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. புகார் வந்தால் மாட்டுவது பதிவில் இருக்கும் உங்கள் குரல். பின்னால் நின்றவரின் குரல் அதில் இருக்காது.

மறுபடி ஏர்லி பக்கெட்டுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், எச்ஆருக்குக் காப்பி போடுங்கள். இன்சென்டிவ் குறையும், அதற்கு இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தேடுவதும் நடக்கட்டும். ஆனால் நோட்டீஸ் பீரியட் முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வராதீர்கள். அது இல்லாமல் என் டீமில் இருந்து போன இரண்டு பேர் மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

பள்ளிபாளையம் தறி

நான் கிறிஸ்தவன் இல்லை. வீட்டுக்காரம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போவார். அவர்தான் இதைக் காட்டினார், அதனால் எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் ஐந்து விசைத்தறியும் நின்றன. கடன் நான்கு தவணை தவறியது. ஒரு பெண் கூப்பிட்டு என் மச்சினனிடம் பேசிவிட்டாள். அந்த வருடம் தீபாவளிக்கு நான் மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மாதம் வேறு ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணா, இன்றைக்கு முடியாது என்றால் எந்தத் தேதி முடியும் என்று நீங்களே சொல்லுங்கள், அதையே எழுதிக்கொள்கிறேன்" என்றார். கூலி சனிக்கிழமைதான் வரும் என்றேன். "அப்படியானால் திங்கட்கிழமை கூப்பிடுகிறேன், அதுவரை இந்த நம்பரில் இருந்து யாரும் தொந்தரவு செய்யாதபடி பார்க்கிறேன்" என்றார். திங்கட்கிழமை அவர் கூப்பிடும் முன் நான் இரண்டாயிரம் கட்டிவிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவரும் உங்களைப் போலப் பிடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ.

காலை மன்னா

நான் மறுபக்கம் சொல்கிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். என் கணவர் மார்க்கெட்டிங்கில் இருந்தார், வெறுத்துப்போயிருந்தார். ஒரு கன்வென்ஷனில் "தேவன் உன்னைப் புது இடத்துக்குக் கொண்டு போகிறார்" என்ற வார்த்தையைக் கேட்டு மறுநாளே விட்டுவிட்டார். 14 மாதம் வேலை இல்லை. நகை முழுதும் அடகுக்குப் போனது. தேவன் கைவிடவில்லை, உண்மை. ஆனால் அந்த 14 மாதத்தில் அவர் ஜெபிக்கவே பயந்தார், கேட்டது தேவ சத்தம்தானா என்று. மகளே, கையில் மூன்று மாதச் செலவுக்காவது பணம் சேர்த்துக்கொண்டு நகரு.

தேரிக்காடு

எல்லாவற்றையும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன். ஐயா, லூக்கா 3 எத்தனையோ தடவை கேட்டது, என் வேலை அதில் இருப்பது தெரியவில்லை. தறி அண்ணா, மச்சினனிடம் பேசிய அந்தப் பெண்ணின் இடத்தில்தான் நான் இருக்கிறேன். அவர் சார்பாக மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை, என் சார்பாகக் கேட்கிறேன்.

பேப்பர் கொண்டு போக முடியாததால் சங்கீதம் 141:3 மனப்பாடம் செய்தேன்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." அக்கா கை கழுவும்போது செய்ததை நான் அந்த பீப் சத்தத்தில் செய்து பார்க்கப்போகிறேன்.

ஸ்தோத்திரபலி

சிஸ்டர், முதலில் எழுதியதை அவசரத்தில் எழுதிவிட்டேன். அக்கா யோசேப்பைப் பற்றிக் கேட்டது சரி. வெள்ளிக்கிழமை ஜெபித்தோம். டீம் லீடரிடம் பேசப் போகும்போது நேரம் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நானும் என் மனைவியும் முழங்காலில் இருப்போம்.

தேரிக்காடு

பத்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். டீம் லீடர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்த மாதம் டார்கெட் 71 சதவீதம்தான், இன்சென்டிவ் இல்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நவம்பரில் பேசிய அந்த அழைப்பையும் சேர்த்து. அம்மா வசனம் எதுவும் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தில் தம்பி ஃபீஸைக் கட்டிவிடலாம், நீ அழாதே என்றார்கள்.

பக்கெட் மாற்றம் முதலில் முடியாது என்றார்கள். எச்ஆரிடம் இரண்டாவது தடவை எழுதிய பிறகு, போன வாரம் ஏர்லி பக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை இன்னும் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் "இன்றைக்கும் அதே ஹெட்செட்டா" என்றுதான் தோன்றுகிறது. பீப் வந்ததும் திரையில் வரும் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், நாளுக்கு இருபது தடவை ஞாபகம் வருகிறது, மற்ற நேரம் மறந்துவிடுகிறது. முந்தாநாள் ஒருவர் சம்பளமே வரவில்லை என்றார். எந்தத் தேதி முடியும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். தறி அண்ணா, அது உங்களிடம் இருந்து எடுத்த வரி.

அந்த நவம்பர் அக்கவுண்டைத் தேடிப் பார்த்தேன். வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டது, இப்போது என் திரையில் வராது. அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியது எனக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஐயரைப் பார்த்துப் பேசினேன். குருத்தோலை ஞாயிறு அன்று எங்கள் வரிசையோடு எழுந்து போனேன்.

வார்டு அக்கா, உங்கள் மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் ஆள் எடுப்பதாகத் தனிமடலில் சொன்னீர்களே, இன்னும் இடம் இருக்கிறதா? சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, கணக்குப் போட்டுவிட்டேன்.

வார்டு அக்கா

இருக்கிறது தங்கச்சி. நம்பர் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை எனக்குப் பகல் டூட்டி, மூன்று மணிக்கு மேல் கூப்பிடு. மார்க்‌ஷீட் ஒரிஜினலும் இரண்டு போட்டோவும் எடுத்து வை.